அம்பு ஒட்டாத மூன்று நாள்

தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். மேஜைக்கு வந்த சட்டையை இரண்டு கையாலும் ஒரு உதறு உதறி விரிப்பாள். காலர், தோள், கைமடிப்பு, பொத்தான் வரிசை, கீழோரம் என்று கண் ஒரு சுற்று ஓடிவரும். பதினைந்து விநாடிக்குள் அந்தச் சட்டையின் யோக்கியதை தெரிந்துவிடும். விட்டுப்போன தையல், பிசிறு, எண்ணெய்க் கறை, ஒரு நூல் அளவு மேலேறிய பை, எதுவும் அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தப்பியதில்லை. குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு அச்சடித்த குட்டி ஸ்டிக்கரை ஒட்டி, திருத்தித் தைக்க வேண்டிய 'ஆல்டர்' என்று இடது பக்கம் தள்ளுவாள். குறையில்லாத சட்டை 'பாஸ்' ஆகி வலது பக்கம் போகும். அதில் எதுவும் ஒட்டுவதில்லை, அதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை. நல்ல சட்டையைக் கொஞ்சிக்கொண்டிருக்கவா அவளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?

பதினாறு வருஷம் இதே வேலை. ஒரே காரியத்தை அத்தனை வருஷம் செய்தால் அது தொழிற்சாலை வாசலோடு நிற்குமா? பக்கத்து வீட்டுக்காரி புது உடுப்போடு வந்து நின்றால், நன்றாயிருக்கிறது என்று வாய் சொல்வதற்கு முன்னால் இவள் கண் கீழ்மடிப்புக்குப் போய்விடும். கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். காலையில் கிளம்பும்போது வாசலில் விறைப்பாக நின்று, "பாஸா, ஆல்டரா?" என்று கேட்பார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்பார். இவள் சிரிக்காமல் காலரைச் சரிசெய்து அனுப்புவாள். அந்த வீட்டில் அன்பு என்பது அப்படித்தான் இருந்தது. அன்பில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

மகளுக்குப் பதிமூன்று வயது. வயதுக்கு ஒவ்வாத பெயர்தான் என்றாலும் வீட்டில் இன்னும் பாப்பா. வருஷத் தொடக்கத்தில் பாப்பாவுக்குக் காலை நேரத்தில் வயிறு வலித்தது. பிறகு தலை வலித்தது. பிறகு எது வலிக்கிறது என்று சொல்லவே வாய் திறக்கவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பை மேஜைக்கடியில் போட்டது போட்டபடி கிடந்தது. ஒருநாள் இரண்டு நாள் என்று நினைத்தது நாற்பது நாளைத் தாண்டியது. தட்டில் வைத்ததில் பாதி அப்படியே திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சிப் பார்த்தாள் அம்மா. அப்புறம் வாயைத் திறந்து திட்டியும் பார்த்தாள். பேச்சு முற்றுகிற நேரத்தில் அப்பா, "வண்டியைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போய்விடுவார். வண்டி பணிமனையில் நிற்கும். இவர் தெருமுனை வரைக்கும் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார்.

ரத்தம், சிறுநீர், வயிற்றுப் படம் என்று எல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர், உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான் சோர்ந்திருக்கிறது என்றார். ஒரு குடும்ப ஆலோசகரிடம் எழுதிக் கொடுத்தார். அம்மா, அப்பா, பிள்ளை மூன்று பேரும் சேர்ந்து போக வேண்டுமாம். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சுகமில்லாதது பிள்ளைக்கு, எங்களை எதற்கு உட்கார வைப்பது என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். அவளுக்குள் இருந்தது கோபமில்லை, பயம். மேஜையில் தன்னை விரித்துப் போட்டு யாரோ பார்க்கப் போகிறார்கள் என்கிற பயம். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

ஆலோசகர் நாற்பது வயதுக்காரி. நான்கு நாற்காலியைச் சுற்றிப் போட்ட சின்ன அறை, ஜன்னலோரம் ஒரு தண்ணீர்க் குடம், சுவரில் ஒரு படமும் இல்லை. அவளுடைய மேல்கோட்டில் இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் கால் மணி நேரம் அம்மாவுக்கு அந்தப் பொத்தானைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பாப்பாவிடம் மட்டும் இருபது நிமிஷம் தனியாகப் பேசிய பிறகு, ஆலோசகர் பெற்றவர்களை உள்ளே கூப்பிட்டாள். உயிரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை நேராகவே கேட்டுவிட்டேன், இப்போதைக்கு அப்படிப்பட்ட ஆபத்து இல்லை என்றாள். எப்போதாவது செத்துப்போகலாம் என்று தோன்றினால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று எழுதியும் கொடுத்தாள். அப்பா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது உங்களால வந்ததுன்னு நான் சொல்லல" என்றாள் ஆலோசகர். "ஒரு பிள்ளைக்கு ஏன் இப்படி ஆகுதுன்னு அவ்வளவு சுலபமா யாரும் சொல்லிட முடியாது. ஆனா நான் அவகூட இருக்கப்போறது ரெண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் நீங்க ரெண்டு பேரும்தான்."

அடுத்த முறை வருவதற்குள் வீட்டில் நாள் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் கவனித்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அவ்வளவுதான் சொன்னாள். கவனிப்பதா? அம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது. இத்தனை நாளாகக் கையைப் பிசைந்துகொண்டிருந்தவளுக்குக் கடைசியில் தெரிந்த வேலையாக ஒன்று கிடைத்தது.

அன்று மாலையே சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு நாட்காட்டியை மாட்டினாள். தொழிற்சாலையிலிருந்து ஒரு சுருள் அம்பு ஸ்டிக்கர் கைப்பையில் வந்திருந்தது. பாப்பா காலையில் எழுந்திருக்காவிட்டால் ஒரு அம்பு. சாப்பிடாவிட்டால் ஒன்று. கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் ஒன்று. அழுதால் ஒன்று, கதவைச் சாத்திக்கொண்டால் ஒன்று. ஓரத்தில் பொடி எழுத்தில் நேரத்தையும் குறித்தாள். வேலையில் அவள் என்றைக்கு அரைகுறை வைத்திருக்கிறாள்? வேலைக்குப் போயிருந்த பகலில் நடந்ததைக்கூட வந்து பாப்பாவிடமே கேட்டுக் கேட்டு ஒட்டினாள். நடுவில் மூன்று நாள் மட்டும் விட்டுப்போனது. துணித் தூசு விழுந்து இரண்டு கண்ணும் புண்ணாகி, மருந்து விட்டு மூடிக்கொண்டு படுத்திரு என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலாம் நாள் எழுந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்தாள். அந்த மூன்று கட்டமும் காலியாக இருந்தது அவளுக்கு உறுத்தியது.

பிள்ளை தேற வேண்டும் என்றுதான் செய்தாள். ஆலோசகரிடம் எதையும் மறைக்கக் கூடாதில்லையா? அலமாரிக்குள் இருப்பதைப் பாப்பா பார்க்க மாட்டாள் என்றும் நம்பினாள். சாப்பாட்டு வாசனையே ஆகாத பிள்ளை அலமாரியை எதற்குத் திறக்கப் போகிறது?

திறந்தாள். இரண்டாவது முறை ஆலோசகரைப் பார்க்க இரண்டு நாள் இருக்கும்போது, மதியத்துக்கு மேல், தேநீர் போட்டுக் குடிக்கலாம் என்று தோன்றிச் சர்க்கரை டப்பாவுக்காகத் திறந்தாள். பல வாரங்களில் அவளுக்கு முதல் முறையாகத் தானாகவே ஒன்றைப் போட்டுக் குடிக்கலாம் என்று தோன்றிய நாள் அது. அம்மாவுக்கு இது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு அதை அவளால் மறக்க முடியவில்லை.

மாலையில் வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. படுக்கையறைக் கண்ணாடி முன்னால் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு அம்பு. மூக்கில் ஒன்று, பருவில் ஒன்று, கன்னத்தில் இரண்டு. கழுத்து, தோள், முழங்கை, சட்டைக்கு மேலாக வயிற்றில் நாலைந்து, முழங்காலில், கால்விரலில். அலமாரியிலிருந்து எடுத்த சுருள் பாதி தீர்ந்திருந்தது. பாப்பா அழவில்லை. ரொம்ப நிதானமாக, நெஞ்சுக்கு நேரே இன்னொன்றை ஒட்டித் தடவிவிட்டுத் திரும்பினாள்.

"எங்கெங்க இருக்குன்னு நானே ஒட்டிட்டேம்மா. உனக்கு வேலை மிச்சம்."

எழுதவே கூசுகிறது, ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த நிமிஷத்தில் அம்மாவின் கண் முதலில் கண்டது, தோளில் ஒட்டியிருந்த அம்பு கோணலாக இருக்கிறது என்பதை. அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் கண்டாள். கண்டதும் பதறிப்போய், என்ன பைத்தியக்காரத்தனம் இது என்று கத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பிய்த்த இடமெல்லாம் சிவந்தது. பாப்பா மரம்போல நின்றாள். கடைசி ஸ்டிக்கரும் வந்த பிறகு போய்ப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். அதோடு சரி. இரண்டு நாள் ஒரு வார்த்தை இல்லை. தண்ணீரும் இரண்டு வாய் கஞ்சியும் தவிர உள்ளே எதுவும் போகவில்லை. அப்பா தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். பிள்ளை கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று இருவருக்கும் தெரிந்தது. ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளத்தான் தைரியம் வரவில்லை.

ஆலோசகரின் அறையில் அம்மா நாட்காட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். நடந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கோணல் அம்பையும் சேர்த்துத்தான். அவளுக்கு இருந்த நேர்மை அப்படி, தன் மேல் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரையும் தானே ஒட்டிக்கொள்வாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். கோட்டில் அந்த இரண்டாவது பொத்தான் விழுந்தே போயிருந்தது. இந்தத் தடவை அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஆலோசகர் திட்டவில்லை. முதலில் அப்பாவிடம், நீங்கள் என்ன கவனித்தீர்கள் என்று கேட்டாள். "நான் ரோட்டைப் பார்க்கிறவன் மேடம்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு அவள் நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஐம்பத்திரண்டு அம்பையும் விட்டுவிட்டுக் காலியாக இருந்த மூன்று கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இந்த மூணு நாள்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல மேடம்" என்றாள் அம்மா. "எனக்குக் கண்ணு சரியில்ல. படுத்துக் கிடந்தேன். அதனால எழுத முடியல."

"பாப்பா எப்படி இருந்தா?"

அம்மா குனிந்து அந்தக் கட்டங்களைப் பார்த்தாள். குறை என்றால் நாள், நேரம், இடம் எல்லாம் சொல்வாள். காலிக் கட்டத்தில் என்ன இருந்தது என்று யாரும் அவளை இதுவரை கேட்டதில்லை. நல்ல சட்டை வலது பக்கம் போகும், அத்தோடு மறந்துபோகும்.

மூலை நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாப்பாதான் பேசினாள். இரண்டு நாள் பேசாத தொண்டை கரகரத்தது.

"அந்த மூணு நாளுதான் நல்லா இருந்துச்சு. அம்மா என்னைப் பார்க்கல."

அப்பா சட்டென்று எழுந்தார். பாப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக் குடத்தைத் தாண்டிக் கதவுப் பக்கம் போனார். உட்காருங்கள், தண்ணீர் அப்புறம் குடிக்கலாம் என்றாள் ஆலோசகர். குரல் தணிவாகத்தான் இருந்தது, ஆனால் அவர் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் பேச்சு கனத்த நேரத்தில் அவர் நாற்காலியில் இருந்தது அன்றைக்குத்தான்.

அம்மாவுக்கு அந்த மூன்று நாளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, ஆனால் படமாக இல்லை. மூடிய கண்ணுக்குள் படம் ஏது? மருந்து விடுகிற வேளையில் இமையைத் தூக்கிப் பிடித்த சின்ன விரலின் குளிர்ச்சி வந்தது. மேலே பாரும்மா, இமைக்காதே என்று அதட்டிய குரல் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பற்றிப் பாப்பா சொல்லிக்கொண்டே இருந்தாள். குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போன ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எவ்வளவு சாப்பிட்டாள் என்று அம்மாவுக்குத் தெரியாது. தட்டைக் கழுவப் போட்டபோது கரண்டி காலித் தட்டில் உருண்ட சத்தம் மட்டும் காதில் இருந்தது. இவ்வளவும் நடந்த மூன்று நாளுக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அழுகை வந்தது. அவளுக்குப் பழக்கமில்லாத அழுகை. அசிங்கமாகச் சத்தம் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். யாரும் தடுக்கவில்லை. அடங்கிய பிறகு ஆலோசகர் பாப்பாவிடம் கேட்டாள், அம்மா உன்னைப் பார்க்கவே கூடாது என்கிறாயா என்று. பாப்பா கால்விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பார்க்கலாம். தேடக் கூடாது."

அன்றைக்கு ஆலோசகர் கொடுத்த மருந்து ஒன்றே ஒன்று. தினமும் மாலையில் அரை மணி நேரம் பிள்ளையின் அறையில் போய் உட்காருங்கள் என்றாள். கேள்வி கூடாது, புத்தி சொல்லக் கூடாது, எதையும் சரிசெய்யக் கூடாது. அவள் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டாலும் இருங்கள். அப்பா அந்த நேரத்தில் தெருமுனைக்குப் போகாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றாள்.

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. முதல் நாள் அம்மா போய் உட்கார்ந்த அரை நிமிஷத்தில் பாப்பாவின் தோளில் ஒரு பிசிறு தெரிந்தது. கை தானாகப் போனது. இழுத்துக்கொண்டு உள்ளங்கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தினாள். அப்புறம் கடித்த நகம் தெரிந்தது. ஒரு வாரமாகக் கழுவாத தலை தெரிந்தது. தரையில் கிடந்த காலுறை தெரிந்தது. இவளுக்கு வியர்த்துவிட்டது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை பார்த்தபோதுகூட இப்படிக் களைத்ததில்லை. இரண்டாம் நாள், "கொஞ்சம் ஜன்னலைத் திறந்தா என்ன" என்று வாய் தவறி வந்துவிட்டது. பாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தொழிற்சாலையில் ஒரு சட்டை வந்தது. வெள்ளைச் சட்டை, சாதாரணம். உதறினாள், பார்த்தாள், எதுவும் இல்லை. வலது பக்கம் தள்ளப் போன கை நின்றது. தோள் எவ்வளவு வாகாக இறங்கியிருக்கிறது, காலர் முனை இரண்டும் எப்படி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று பார்த்தாள். யாரோ ஒருத்தி குனிந்து உட்கார்ந்து தைத்திருக்கிறாள். மேற்பார்வையாளர் வந்து, என்ன, ஏதாவது டேமேஜா என்று கேட்டார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது, அதான் பார்க்கிறேன் என்றாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மாலையிலிருந்து பாப்பாவின் அறையில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். வேறு வழி தெரியவில்லை. திறந்திருந்தால் தேடுகிறது, என்ன செய்வது? கைகளை மடியில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, சும்மா இருந்தாள். வெளியே கூடத்தில் அப்பா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இரண்டு மாலை அப்படியே போயின. மூன்றாவது மாலை போர்வை விலகுகிற சத்தம் கேட்டது.

"கண்ணு வலிக்குதாம்மா?"

"இல்ல கண்ணு."

"அப்புறம் ஏன் மூடிட்டே இருக்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "திறந்தா தேடிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றாள்.

பாப்பா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது மட்டும் தெரிந்தது. மருந்து விட்ட நாளில் வந்த அதே விரல், குளிர்ந்த விரல், இமையின் மேல் வந்து நின்றது.

"பரவாயில்ல. திற."

அம்மா கண்ணைத் திறந்தாள். இரண்டு சாண் தூரத்தில் பிள்ளையின் முகம். பதினைந்து விநாடி வேண்டாம் அவளுக்கு, ஐந்து போதும். கண்ணுக்கடியில் கருவளையம், உலர்ந்த உதடு, நெற்றிப் பரு, சிக்குப் பிடித்த முடி, சட்டையின் மேல்பொத்தான் ஒரு துளை தள்ளிப் போட்டிருக்கிறது. எல்லாம் தெரிந்தது. தெரியாமல் எப்படிப் போகும்? அவற்றுக்குப் பின்னால், ரொம்ப நாளாகப் பார்க்காத இரண்டு கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளை மாதிரியே பார்த்தன. எங்கே அம்பு விழப்போகிறது என்று பயந்துகொண்டு, ஆனாலும் முகத்தைத் திருப்பாமல்.

"என்னம்மா தெரியுது?"

"நீ தெரியிற" என்றாள் அம்மா.

பாப்பா அதை நம்பினாளா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. நம்புவதற்கு நாளாகும் என்பது மட்டும் தெரிந்தது, அதுவரை வந்து உட்கார வேண்டும் என்பதும். பள்ளிக்கூடத்துப் பை இன்னும் மேஜைக்கடியில்தான் கிடந்தது. சற்று நேரம் கழித்துப் பாப்பா தலையை அம்மாவின் தோளில் சாய்த்து, ஜன்னலுக்கு வெளியே யாரோ ஓடுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். கூடத்தில் அப்பாவின் நாற்காலி ஜன்னல் பக்கம் நகர்ந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். மேல்பொத்தான் மறுநாள் காலைவரை அந்தத் தப்பான துளையிலேயே இருந்தது.